குளக்கரைக் கிரீடம்

கேட் போட்டுவிட்டார்கள். கலாமணி மிதிப்பதை நிறுத்தி இடது காலைத் தார் ரோட்டில் ஊன்றியபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. பத்து மணிக்கு வார்டு கூட்டம். சமுதாயக் கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர், அங்கே முதலில் எழுந்து பேச வேண்டியவள் இவள்தான், ஆவாரங்குளம் சைக்கிள் கழகத்தின் செயலாளர். பேச வேண்டியது பனியனின் முதுகுப் பையில் நாலாக மடித்து இருக்கிறது. எழுதியது தலைவர் சம்பத். சம்பத் எழுதினால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை ‘ஒழுக்கம்’ வரும். எல்லாரும் பச்சைப் பனியன் போட்டு, ஹெல்மெட் மாட்டி, சைக்கிளிலேயே வரவேண்டும் என்பதும் அவர் உத்தரவு. ஊர் பாக்கட்டும்ங்க, நாம எப்படிப்பட்டவங்கன்னு. ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதுதானே கூட்டமே. நாற்பத்தாறு வயதில் உடம்போடு ஒட்டிய பச்சைப் பனியனில் லெவல் கிராசிங்கில் நிற்பது என்றால் சும்மா இல்லை, பக்கத்தில் பஸ்ஸின் ஜன்னல்கள் அத்தனையும் நிறைந்திருக்கின்றன. முதல் வருஷம் கூசியது. பிறகு மரத்துப்போனது. இப்போது பதினைந்து நாளாக மறுபடி கூசுகிறது, ஆனால் இது வேறு கூச்சம். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. ஹெல்மெட் வாருக்குள் வியர்வை இறங்கி மோவாயில் நின்றது, அவள் துடைக்கவில்லை.

கேட் போட்டால் சைக்கிள்காரர்கள் நிற்பது கிடையாது. இந்த ஊரில் அது ஒரு வழக்கம், பிறந்த குழந்தைக்கும் தெரியும்: சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்து, ஹேண்டில்பாரை முதலில் நுழைத்து, குனிந்து, கம்பிக்கடியில் உருவிக்கொண்டு போய்விடுவது. மீன் கூடைக்காரர், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஐயர்கூட. கேட்மேன் கத்துவார், அது அவருடைய வழக்கம். கலாமணி மட்டும் குனிவதில்லை. கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து சிக்னலில் நிற்பாள், ஒன்வேயில் போகமாட்டாள், கேட்டில் நிற்பாள். அதற்காகத்தானே செயலாளர் ஆக்கினார்கள். இந்த வரிசையில் இப்போது நான்கு பேர் குனிந்து போய்விட்டார்கள். பின்னால் மொபெட்டில் இரண்டு தேங்காய் மூட்டையோடு நின்ற ஒருவர் யாரிடம் என்றில்லாமல் ஆரம்பித்தார்: “பாத்தீங்களா, வண்டிக்காரன் நிக்கறான், லாரிக்காரன் நிக்கறான், சைக்கிளுக்கு மட்டும் சட்டம் கெடையாது. லைட்டு கெடையாது, லைசென்ஸ் கெடையாது. அதுலயும் காலங்காத்தால ஒரு கூட்டம் கெளம்புதுங்க பாருங்க, பச்சைப் பனியன் போட்டுக்கிட்டு. நாலு பேரு கைகோத்த மாதிரி ரோட்டை அடைச்சுட்டுப் போறானுக. ஆரன் அடிச்சா மொறைக்கறானுக. கொளத்துல ஒரு பெரியவர சாச்சுப்போட்டுப் போயிட்டானாம் ஒருத்தன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் முன்னால் நின்ற பனியனைப் பார்த்தார். பார்த்து, பல்லைக் காட்டி, “உங்களச் சொல்லலீங்க. நீங்க லேடீசு” என்றார். கலாமணி தலையாட்டினாள். லேடீசு. ஆமாம். இரண்டு லட்சம் தடவை கேட்ட சொல் போல இருந்தது, ஆனால் இந்தப் பதினைந்து நாளில்தான் அது ஒரு கோட்டைச் சுவராக ஆகியிருந்தது, அதற்குள் அவள் பத்திரமாக இருந்தாள்.

சாய்த்துப்போட்டது இல்லை. தொட்டது. முழங்கையைத் தொட்டது, அவ்வளவுதான். ஹேண்டில்பாரின் வலது முனைக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது, கனமே இல்லை, கதவு திறக்கும்போது உள்ளே தொங்கும் துணி தட்டுவது மாதிரி. குளக்கரைப் பாதை எட்டடி அகலம், அதில் நடப்பவர்களும் மிதிப்பவர்களும் பொது. பெரியவர் பேர் பொங்கியண்ணன் என்பது பிறகு தெரிந்தது, எழுபத்தொரு வயது, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் போனைப் போட்டுப் பழைய பாட்டு வைத்துக்கொண்டு நடப்பார். பாட்டு சத்தத்தில் கேட்டிருக்காது. என்ன கேட்டிருக்காது? மணியா? மணி எங்கே இருந்தது? பெல் நாற்பத்திரண்டு கிராம். அதை அவள்தான் கழற்றினாள், கழகத்தில் எல்லாரும் கழற்றியிருந்தார்கள், எடை குறைந்தால் வேகம் கூடும் என்று. அடுப்படி மேசையின் டிராயரில் பட்டன்களோடும் பழைய சாவிகளோடும் கிடக்கிறது. டிராயரை வேகமாக இழுத்தால் ‘டிங்’ என்று ஒரு அரை ஓசை வரும். பதினைந்து நாளாக அந்த டிராயரை மெதுவாக இழுக்கிறாள். ‘சைட் சைட்’ என்று கத்தினாளா? கத்தினாள். தட்டுவதற்கு முன்னாலா, தட்டின பிறகா? இந்த இடத்தில் நினைவு ஒவ்வொரு தடவையும் முள்ளில் மாட்டிக்கொள்கிறது. முன்னால் என்று ஒரு நாள் தோன்றும், பின்னால் என்று மறுநாள். திரும்பிப் பார்த்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதை நடுவில் ஒரு செருப்பு, ஒன்றே ஒன்று, கழற்றி வைத்த மாதிரி நேராக இருந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். விழுந்து கிடக்கவில்லை, உட்கார்ந்திருந்தார், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று அவளே முடிவு கட்டினாள். இடுப்பெலும்பு முறிந்தவனும் உட்காரத்தான் செய்வான், எழுந்து நிற்கத்தான் முடியாது. அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அப்போது தோன்றியது, இன்னும் அறுநூறு மீட்டர்.

அதுதான் விஷயம். அந்த அறுநூறு மீட்டர். குளத்தைச் சுற்றி கோயில் படித்துறையிலிருந்து மதகு வரைக்கும் ஒன்று புள்ளி ஒன்பது கிலோமீட்டரை போனில் இருக்கும் செயலி ஒரு ‘செக்மென்ட்’ என்று அளந்து வைத்திருக்கிறது. அதில் யார் வேகமாகப் போகிறார்களோ அவர்கள் பேருக்கு நேராக ஒரு சின்னக் கிரீடம் வரும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இரண்டு வருஷமாக ஃபர்சானா என்ற இருபத்தாறு வயசுப் பெண்ணிடம் இருந்தது அந்தக் கிரீடம். நின்றிருந்தால் போயிருக்கும். நிற்கவில்லை. மதகு வந்ததும் நின்றாள், இது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பெரிய நியாயம், நிற்காமல் போகவில்லை, செக்மென்ட் முடிந்ததும் நின்றேன். மூச்சு வாங்க மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் தூரத்தில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள், யாரோ பெஞ்சுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், சரி, ஆள் இருக்கிறது. முதுகுப் பையில் போன் ஒரு தரம் அதிர்ந்தது. வாழ்த்துகள், நீங்கள்தான் இப்போது ராணி. காலை ஆறு பன்னிரண்டு என்று நேரத்தையும் தேதியையும் போட்டு அது தானாகவே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டது. திருடப் போனவன் வாசலில் தன் பேரை எழுதிவிட்டு வந்த கதை, கலாமணி இதை ஏதோ அடுத்த வீட்டு விஷயம் போல நினைத்துப் பார்ப்பாள், சிரிப்புக்கூட வரும். அழித்துவிடலாம். விரலால் இரண்டு தட்டு. ஆனால் அழித்தால் கிரீடம் ஃபர்சானாவுக்குத் திரும்பிப் போய்விடும். பதினைந்து நாளில் எத்தனை தடவை அந்தப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துவிட்டு எடுத்திருப்பாள் என்பதுதான், பெரியவரின் இடுப்பைவிடவும், அவளுக்கு அவளைப் பற்றிப் பயமாக இருக்கும் விஷயம். இடித்தது தவறு. நிற்காதது பாவம். ஆனால் இது என்ன, இன்னும் அதை வைத்துக்கொண்டிருப்பது? இதற்கு என்ன பேர் வைப்பது? ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை. ஒரு கிலோ ஆப்பிளோடு இரண்டாம் மாடி வரை ஏறினாள், கதவில் இருந்த கண்ணாடி வழியாக ஒரு காலும் அதில் கட்டும் தெரிந்தது, இறங்கி வந்துவிட்டாள். அந்த ஆப்பிளை நாலு நாள் அவளே தின்றாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை, அதுதான் வேடிக்கை. பார்த்தவர்கள் சொன்னது பச்சைப் பனியன் போட்ட பையன் என்று. பையன். அந்த ஒரு சொல் ஊரெல்லாம் சுற்றியது, குடியிருப்போர் வாட்ஸப்பில் சுற்றியது, சம்பத் கழகத்தின் பையன்கள் எட்டு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பாவம், ஒருவன் சத்தியம் செய்தானாம். யாரும் ஒத்துக்கொள்ளாததால், அவன் வெளியாள், பச்சைப் பனியன் யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம் என்று முடிவாகி, அதுதான் இப்போது முதுகில் நாலாக மடிந்து இருக்கிறது. கலாமணிக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது. பதினெட்டு வருஷமாக ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள் எதைப் பார்த்ததாக நினைக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுத்து மங்கலாக இருந்தால் யாரும் தெரியவில்லை என்று சொல்லமாட்டார்கள், தெரிந்த எழுத்தாக மாற்றிப் படித்துவிடுவார்கள். வேகமாகப் போனது, அதனால் பையன். இடித்துவிட்டு ஓடியது, அதனால் பையன். நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்கு அடியில், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு துளி மனத்தாங்கலும் இருந்தது. அந்த வேகம் அவளுடையது, அதை எவனோ ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன, இரண்டு பக்கமும் ரோட்டின் முழு அகலத்துக்கும் அடைத்துக்கொண்டு நின்றன, கேட் திறந்தால் எப்படிக் கடப்பார்கள் என்று ஒருத்தருக்கும் கவலை இல்லை.

“ஏனுங்கக்கா, மீட்டிங்குக்குத்தானுங்க?” பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். மில் கோட்டு, தலையில் பஞ்சுத்தூசி, கறுப்பு லேடீஸ் சைக்கிள், முன்கூடையில் டிபன் பாக்ஸ். முப்பது வயதிருக்கும். குளக்கரையில் எத்தனையோ தடவை எதிரில் பார்த்த முகம், பேசியதில்லை. கலாமணி ஆமாம் என்றாள். “நானும் அங்கத்தானுங்க. வளர்மதிங்க எம்பேரு. ஹவுசிங் போர்டுல இருக்கறனுங்க. கொளத்து ரோட்ட அடைச்சுப்போட்டாங்கன்னா நாங்க ஒரு பதினஞ்சு பொம்பளைங்க லாரி ரோட்டுலதான் மில்லுக்குப் போகோணும். காத்தால அஞ்சரைக்கு அந்த ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததுங்களா? போன வருசம் எங்க லைன்ல ஒரு புள்ள போயிட்டாளுங்க.” போயிட்டாள் என்றால் செத்துப்போனாள் என்று அர்த்தம். அவள் அதை மழை பெய்தது என்பது மாதிரிதான் சொன்னாள். “கவுன்சிலர் ரெண்டு பக்கமும் கல்லு நடறதுன்னு முடிவு பண்ணிட்டாராம். ஆள் நொழையலாம், சைக்கிள் நொழையாதாம். எவனோ ஒரு பையன் செஞ்சதுக்கு நாங்க என்னங்க பண்ணுவோம்? அன்னைக்கு நைட் சிப்ட் முடிச்சு வந்த நான்தானுங்க அவரத் தூக்கி பெஞ்சுல ஒக்கார வெச்சது. 108க்கு அடிச்சதும் நான்தான். பையன்னு சொன்னதும் நான்தான். முதுகுதான் பாத்தேன். குனிஞ்சு என்ன ஒரு வேகம்ங்கறீங்க! திரும்பிக்கூடப் பாக்கலீங்க.” பார்த்தேன் என்று கலாமணிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன். நல்லவேளை, கேட்மேன் அறைக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. “நீங்க பேசுங்கக்கா” என்றாள் வளர்மதி. “நீங்கள்லாம் சொன்னா கேப்பாங்க. அது உங்க ஆளு இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா போதும், கவுன்சிலர் கொஞ்சம் எறங்கி வருவாருன்னு பேசிக்கறாங்க.”

ரயில் வந்தது. எஞ்சின், பிறகு பெட்டிகள், ஜன்னல்கள், ஒரு கதவில் ஒருவன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். கலாமணி பெட்டிகளை எண்ண ஆரம்பித்து ஏழில் விட்டுவிட்டாள். அப்படியானால் கணக்கு இப்படி வருகிறது: பொய் சொன்னால் பதினைந்து பெண்களுக்கு வழி இருக்கும். உண்மையைச் சொன்னால், கழகத்தின் செயலாளரே, சிக்னலில் நிற்கும் கலாமணியே, இடித்துவிட்டு ஓடியிருக்கிறாள், அப்புறம் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும், நாளைக்கே கல். அப்படியானால் பொய்தான் நல்லது. அப்படியானால் இந்த முதுகுப் பைக் காகிதம் ஒரு புண்ணிய காரியம். எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது. கண் பரிசோதிக்க வருகிறவர்கள் கண்ணாடி வேண்டாம் என்பதற்கு இப்படித்தான் காரணம் சொல்வார்கள், எல்லாம் பிள்ளைகளுக்காக, வீட்டுக்காரருக்காக, தனக்கென்று ஒன்றும் கிடையாது. வேறு பக்கமிருந்து யோசித்தால், அந்தப் பெரியவருக்கு ஒரு பேர் வேண்டாமா, படுத்துக்கிடந்தபடி திட்டுவதற்கு? இல்லாத ஒரு பையனை எவ்வளவு நாள் திட்டுவார்? கடைசிப் பெட்டி போனது. காற்று வந்து சட்டென்று நின்றது. எல்லாரும் வண்டியைக் கிளப்பினார்கள். கேட் எழவில்லை. கேட்மேன் வெளியே வந்து இன்னொரு கொடியைச் சுருட்டிக்கொண்டு எதிர்த் திசையைப் பார்த்து நின்றார். இன்னொரு வண்டி வருதாம், என்று வரிசை முழுக்க ஒரு முனகல் போனது. தேங்காய்க்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு ரயில்வேயைத் திட்டத் தொடங்கினார். மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. அப்போதுதான் கலாமணிக்கு நெஞ்சில் ஏதோ இளகுவது தெரிந்தது, இதமாக இருந்தது, என்னவென்று பார்த்தால் அது சந்தோஷம். கேட் போட்டிருந்தது. நான் என்னங்க பண்ண முடியும், கேட் போட்டிருந்தது. சம்பத்தே பேசிக்கொள்வார். அவள் பொய்யும் சொல்ல வேண்டாம், உண்மையும் சொல்ல வேண்டாம், சட்டப்படி நின்றால் போதும்.

“நேரமாவுதுங்கக்கா. வாங்க, அப்படியே பூந்து போயிரலாம்.” வளர்மதி சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கடியில் பாதி நுழைத்துவிட்டாள். குனிந்தவள் ஒரு கையால் கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள், கலாமணிக்காக. “ஹெல்மெட் தட்டாமக் குனிஞ்சுக்குங்க. நான் புடிச்சுக்கறேன்.” கேட்மேன், ஏய் பொம்பளை, வண்டி வருது, என்று கத்தினார். பஸ் ஜன்னல்கள் பார்த்தன. கலாமணி நின்றாள். இந்த நிற்பதை அவள் தன் வாழ்க்கையில் முதல்தடவையாக வெளியிலிருந்து பார்த்தாள்: பச்சைப் பனியன், ஹெல்மெட், ஒரு கால் ஊன்றி, என்ன ஒரு ஒழுக்கம். அருவருப்பாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினாள். வெயில் முகத்தில் அறைந்தது.

“வளர்மதி, அது பையன் இல்ல.”

“என்னங்கக்கா?”

“கொளத்துல. பெரியவர இடிச்சது. பையன் இல்ல, நான்தான்.”

வளர்மதி கம்பிக்கடியில் குனிந்த மேனிக்கே இருந்தாள். பிறகு சைக்கிளை மெதுவாகப் பின்னால் இழுத்து வெளியே எடுத்தாள். நிமிர்ந்தாள். கலாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தாள், ஹேண்டில்பாரின் வலது முனையைப் பார்த்தாள். பின்னால் தேங்காய்க்காரர் ரயில்வேயைத் திட்டுவதை நிறுத்தியிருந்தார்.

“கூட்டத்துல சொல்லப் போறேன்” என்றாள் கலாமணி. “சொன்னா ரோட்ட அடைச்சாலும் அடைப்பாங்க. அதான் உன்கிட்ட முதல்ல சொல்றேன்.”

வளர்மதி டிபன் பாக்ஸ் சாய்ந்திருந்ததை நேராக்கினாள். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை, களைப்பு இருந்தது.

“அவரு என் கையப் புடிச்சுட்டு, எந்திரிக்க முடியலியே சாமி எந்திரிக்க முடியலியேன்னே சொல்லிட்டிருந்தாருங்க.” பிறகு, கேட்டைப் பார்த்தபடி, சண்டைக்கு இல்லாமல், உண்மையிலேயே புரியாதவள் மாதிரி சொன்னாள்: “அன்னைக்கும் நின்னிருக்கலாமில்லீங்கக்கா. இந்தா, இப்ப நிக்கறீங்கல்ல, இதே மாதிரி.”

இரண்டாவது ரயில் சரக்கு வண்டி. நீளமாக, மெதுவாக, ஒன்றுமே ஏற்றாத திறந்த பெட்டிகளோடு போனது. கலாமணி போனை எடுத்து அந்தப் பொத்தானைத் தேடினாள், பிறகு அழிக்கவில்லை. ஆறு பன்னிரண்டு என்று அதில்தான் இருக்கிறது, கூடத்தில் யாராவது நம்பாவிட்டால் காட்ட வேண்டியிருக்கும். சம்பத்தின் காகிதத்தை எடுத்துக் கசக்கிப் போட இடம் தேடினாள், குப்பைத்தொட்டி இல்லை, மறுபடி முதுகிலேயே வைத்துக்கொண்டாள். கேட் எழுந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. வளர்மதி ஏறி மிதித்தாள். கலாமணி பின்னால் போனாள். அந்த உயரமான கறுப்பு சைக்கிளின் வேகம் மணிக்கு எட்டோ ஒன்பதோ. கலாமணியின் சைக்கிளை அந்த வேகத்தில் விழாமல் ஓட்டுவதே ஒரு வித்தை. முந்தவில்லை. கடைவீதி முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கறிக்கடை வரிசை ரோடு வரைக்கும் நின்றது. வளர்மதி கட்டைவிரலால் மணியடித்துக்கொண்டே போனாள், ஜனங்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்கினார்கள், பின்னால் வந்தவளுக்கும் சேர்த்து.